ஒரே பக்கம் சாயும் தட்டு

சிவப்புத் தட்டு இந்தத் தடவையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கையை விட்டுக் கிளம்பும்போது என்னவோ பெரிய இவனாட்டம்தான் கிளம்பியது. ஒரு மாட்டுவண்டி நீளம் போவதற்குள் இடது பக்கம் சாய்ந்து, கண்மாய்த் தரையில் குத்தி, விளிம்பாலேயே கொஞ்சம் உருண்டு, காய்ந்த சேற்று வெடிப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. சின்னத்தாயி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அதை முறைத்தாள். "ஒன்னைய அடுப்புல வைக்க," என்று திட்டினாள். பிளாஸ்டிக்கை அடுப்பில் வைத்தால் வீடே நாறுமே என்று தோன்றி அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிட்டத்தில் வந்து நின்றது, கை இன்னும் வசப்படவில்லை.

தட்டு என்றால் சோறு தின்கிற தட்டு இல்லை, எறிந்து விளையாடுகிற தட்டு. வாடிப்பட்டிக்கு மேற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் வீட்டைத் தவிர வேறு யார் வீட்டிலும் அப்படி ஒரு சாமான் கிடையாது. அவள் புருசன் உக்கிரபாண்டி மதுரையில் ஒரு காலேஜில் கிரவுண்டு வேலை பார்த்தவன். சுண்ணாம்புக் கோடு போடுவது, புல் செதுக்குவது, வலை கட்டுவது. அங்கே பாடம் நடத்த வந்திருந்த அமெரிக்கக்கார வாத்தியார் ஒருத்தர் சாயங்காலமானால் வேப்பமரத்துக்கு வேப்பமரம் இந்தத் தட்டை எறிந்துகொண்டே நடப்பார். எந்த மரத்தை எத்தனை எறியில் தொடுகிறோம் என்பதுதான் ஆட்டம், குறைச்ச எறியில் தொட்டவன் கெலித்தவன். துணைக்கு ஆள் சிக்காமல் உக்கிரபாண்டியைக் கூப்பிட்டுப் பழக்கினார். எண்பத்து நாலில் ஊருக்குத் திரும்பும்போது மூன்று தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாட்சோ ரேடியோவோ கொடுத்திருந்தால் ஊரில் நாலு பேர் மதித்திருப்பார்கள். போயும் போயும் தட்டைக் கொடுத்தார். உக்கிரபாண்டிக்கோ தலைகால் புரியவில்லை.

மூன்றும் மூன்று விதம். வெள்ளை கனத்த விளிம்பு, குழிவு அதிகம், போகிணி மூடியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் எறிந்த இடத்துக்கு நேராகப் போகும். கிட்டத்து மரத்தைத் தொடுவதற்கும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் அதுதான் தோது. பச்சை நடுத்தரம். சிவப்பு இருக்கிறதே, அது தனிப்பிறவி. தட்டையானது, விளிம்பு மெலிந்து கூராக இருக்கும். வேகமாக எறியத் தெரிந்தவன் எறிந்தால் கண்மாயைத் தாண்டிப் போகும். தெரியாதவன் எறிந்தால் மூக்கை உடைத்துக்கொண்டு விழும். "இது முரட்டு மாடு. ஒனக்கு வேணாம், நீ வெள்ளைய வச்சுப் பழகு," என்று உக்கிரபாண்டி அவளிடம் அதைக் கொடுக்கவே மாட்டான்.

ஆமாம், கட்டிக்கொண்ட பெண்டாட்டியையே அவன் சோடி சேர்த்துக்கொண்டான். ஊரில் வேறு எவன் வருவான்? கண்மாயில் தண்ணீர் இல்லாத மாசமெல்லாம் பொழுது சாய இரண்டு பேரும் அங்கே போய் நிற்பார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சின்னத்தாயிக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தக் கூச்சம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டு காற்றில் வருகிறதைப் பார்த்துக்கொண்டே ஓடிப் பிடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் மருமகள் இல்லை, யார் வீட்டுச் சோற்றுக்கும் உலை வைக்க வேண்டியதில்லை. அவ்வளவு சந்தோசம் அதில்.

அவன் நொட்டாங்கைக்காரன். சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாம் இடது கையால்தான். இவள் சோத்தாங்கைக்காரி. எந்தத் தட்டும் வேகம் குறைகிற கடைசியில் ஒரு பக்கமாகச் சாயும். வலது கைக்காரர் எறிந்தால் அவருக்கு இடது பக்கம், இடது கைக்காரர் எறிந்தால் அவருக்கு வலது பக்கம். தட்டு சுற்றுகிற சுற்று அப்படி. "எதிரும் புதிருமா நின்னு எறிஞ்சா நம்ம ரெண்டு பேரு தட்டும் ஒரே பக்கந்தேன் சாயும், பாத்தியா?" என்று ஒருநாள் அவன் கண்டுபிடித்துச் சொன்னான். அவள் எறிந்து பார்த்தாள், அவன் எறிந்து பார்த்தான். நிசந்தான், இரண்டும் தெற்கே பார்த்தே சாய்ந்தன. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அதை நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

ஆட்டத்துக்கு அவர்களாக வைத்துக்கொண்ட சட்டமும் உண்டு. எறிவதற்கு முன்னால் "வருது!" என்று குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டை உடையும். தட்டு கைக்கு வந்தால் திருப்பி எறிந்தாக வேண்டும். அலுத்துப் போனவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வாயால் சொல்ல வேண்டியதில்லை.

கண்மாயின் தென்கரைக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி கோயில் காடு. உசிலையும் இலுப்பையும் சூரைமுள்ளும் பின்னிக் கிடக்கும். காட்டுக்கு முன்னால் கொஞ்சம் பொட்டல், அதற்கும் முன்னால் வரிசையாக மண்குதிரைகள். பெண்கள் குதிரைகளைத் தாண்டக் கூடாது. ஆண்கள் போகலாம், ஆனால் உள்ளேயிருந்து ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. உள்ளே விழுந்தது சாமிக்கு. ஆட்டுக்குட்டி போனாலும் சரி, அருவாள் விழுந்தாலும் சரி. அப்படி இருக்க, ஒரு சாயங்காலம் உக்கிரபாண்டி எறிந்த சிவப்பு, கரைக்கு மேலே ஏறி, தெற்கே சாய்ந்து, போய் அந்தக் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

"விட்ரு மாமா," என்றாள் சின்னத்தாயி.

"கருப்பு இதை வச்சு என்னத்தப் பண்ணுவாரு? சோறு போட்டுத் திம்பாராக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போனான். வெகுநேரம் கழித்துத் தட்டோடு வந்தான். வரும்போது சிரிப்பு இல்லை. என்ன என்று கேட்டதற்கு, "மரத்து வேருல சாத்தி வச்சிருந்துச்சு. விழுந்த மாதிரி இல்ல. துணிய வச்சுத் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு," என்றான். அதற்குப் பிறகு அவன் சிவப்பைத் தொடவில்லை. பரணில் தூக்கிப் போட்டுவிட்டான்.

அந்த வருசமே காலேஜில் வேலை போயிற்று. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினான். "அங்கிட்டும் எவனாச்சும் ஆடத் தெரிஞ்சவன் இருப்பான்," என்று பச்சைத் தட்டைக் கேட்டு வாங்கினான். லுங்கிக்குள் சுருட்டிப் பைக்குள் வைத்தது சின்னத்தாயிதான். பஸ் ஏறிப் போனவன் போனவன்தான். அவள் அண்ணன் சோணைமுத்து, வாடிப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், கடையைப் பூட்டிவிட்டுக் குமுளிக்கே போய்த் தேடினான். அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்கள். பையும் கிடைக்கவில்லை. இரண்டு பொங்கல் போய்விட்டது. ஊர் என்ன சொல்லும்? சாமி பொருளை எடுத்தவன் எங்கே போய்ச் சேருவான் என்றது.

சோணைமுத்து அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. தங்கச்சியைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்புட்டு நாளைக்குத் தாயி?" என்று மட்டும் கேட்டான். அவன் பார்த்து வைத்த மாப்பிள்ளை அரிசி மில்லில் லாரி ஓட்டுகிற கண்ணுச்சாமி, பெண்டாட்டி செத்தவன், பீடி சிகரெட் கிடையாது, நல்ல மாதிரியான ஆள். அவர்கள் சாதியில் தாலி அறுத்துக் கட்டுவது வழக்கம்தான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணுச்சாமி வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் இந்தக் கழுத்தில் கிடக்கிற தாலி இறங்க வேண்டும். அண்ணன் அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவனோ கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு சொன்னான். என்ன செய்வாள்?

"அந்த மனுசன் இருக்காரா இல்லையான்னு ஒரு வார்த்த தெரிஞ்சாப் போதும்ணே. இல்லேன்னு தெரிஞ்சா நானே கழட்டித் தாரேன்," என்றாள்.

அதற்காகத்தான் பூசாரி மொக்கையனிடம் போனாள். சிவப்புத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், நீங்களே உள்ளே வைத்துவிடுங்கள் என்று நீட்டினாள். மொக்கையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்த வீட்டுக் கைதேன் திருப்பிக் குடுக்கணும் ஆத்தா. ஏங் கை பட்டுச்சுன்னா பழி ஏம்மேல திரும்பும். நான் புள்ளகுட்டிக்காரன்."

"நான் குதிரையத் தாண்டக் கூடாதேண்ணே."

"தாண்டக் கூடாதுதேன்."

"அப்ப குதிரைக்கு இங்கிட்டே நின்னு எறியலாமா?"

மொக்கையன் தாடையைச் சொறிந்துகொண்டார். "ஆடிப் படையல்ல எறிசோறு எறியறோம். ரத்தத்துல பெசஞ்ச சோத்த அண்ணாந்து எறிஞ்சா ஒரு பருக்க திரும்பி விழுகாது. எறியறதும் குடுக்கறதுதேன். எறி. உச்சிப்பொழுதுல எறி. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. எங்க விழுந்துச்சுன்னு நின்னு பாக்கக் கூடாது. கைய விட்டதும் திரும்பி நடந்துரு. மனசுக்குள்ள கேளு. பொழுது சாயறதுக்குள்ள குறி காட்டுவாரு. காட்டலேன்னா, அவன் இல்லேன்னு வச்சுக்க."

குதிரைக்கும் மரங்களுக்கும் நடுவில் இருக்கிற பொட்டல் அவள் கைக்குப் பழகின வெள்ளைத் தட்டுக்கே தூரம். சிவப்பு அந்தப் பொட்டலில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். போய் எடுக்கவும் முடியாது, கொடுத்ததாகவும் ஆகாது. ஒரே எறி. அதனால்தான் இந்த வாரம் முழுக்க யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று கண்மாயில் வந்து நிற்கிறாள்.

வெடிப்பிலிருந்து தட்டைப் பிடுங்கி மண்ணைத் துடைத்தாள். எங்கே பிசகுகிறது என்று அவன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நாலு விரலும் விளிம்புக்குள்ளே, பெருவிரல் மேலே. இலக்குக்கு முகத்தைக் காட்டாதே, வலது தோளைக் காட்டி ஒருக்களித்து நில். பின்கால் பாரம் முன்காலுக்கு வர வேண்டும். தட்டை நெஞ்சை ஒட்டி நேர்க்கோட்டில் இழு, சுற்றி வளைக்காதே. முழங்கை முதலில் போகட்டும், கை பின்னால் வரட்டும், கடைசியில் மணிக்கட்டை மட்டும் ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு உதறு. முன்விளிம்பு மேலே தூக்கினால் அண்ணாந்து ஏறி அப்படியே செத்து விழும். இதெல்லாம் வெள்ளைக்கு ஒழுங்காக வருகிறது. சிவப்பைக் கையில் எடுத்ததும் தூரத்தைப் பார்த்துப் பயந்து பலத்தைக் காட்டிவிடுகிறாள்.

"பலத்தக் காட்டாத புள்ள. தட்டுக்குப் பலம் புடிக்காது, சுத்துதேன் புடிக்கும்." அவன் குரல் காதுக்குள் கேட்ட மாதிரி இருந்தது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். சிவப்பு கெட்டியாக இடது இழுக்கும், அதனால் உடம்புக்கு அந்தப் பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து எறி. முதலில் வலது பக்கம் போகிற மாதிரிப் போக்குக் காட்டும், அப்புறம் நிமிரும், கடைசியில்தான் இடது வரும். அதற்குள் வேண்டிய தூரம் போயிருக்கும்.

வெளிவிளிம்பைத் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடிக்காமல், துணி உதறுகிற மாதிரி உதறினாள். தட்டு வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. போச்சு என்று நினைத்தாள். நடுவழியில் அது நிமிர்ந்தது. நிமிர்ந்து, கண்மாயின் பாதியைத் தாண்டி, பிறகு சாவகாசமாக இடது திரும்பி இறங்கியது. "ஆத்தாடி!" என்று கத்திவிட்டாள். சுற்றிலும் யாரும் இல்லை. பிடிக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொலபொலவென்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் சோணைமுத்து சைக்கிளில் கூட்டி வந்து கரைமேல் புளியமரத்தடியில் நின்றுகொண்டான். "போயிட்டு வா தாயி. நான் இங்கனக்குள்ள இருக்கேன்," என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மண்குதிரைகளின் நிழல் அவற்றின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. காற்று இல்லை. பொட்டலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய உசிலை மரங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. அந்த வெயிலிலும் அதற்குள் இருட்டாக இருந்தது. சின்னத்தாயி இரண்டு குதிரைகளுக்கு நடுவில் நின்றாள். பொருளை வாங்கிக்கிட்டு ஆளைச் சொல்லுங்க சாமி என்று மனசுக்குள் கேட்டாள். வலது தோளை மரங்களுக்குக் காட்டி ஒருக்களித்தாள். வெளிவிளிம்பைத் தூக்கினாள், தட்டை நெஞ்சை ஒட்டி இழுத்தாள்.

"வருது!"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, பழக்கதோசம் பாவி மகளே, வாயைத் திறக்காதே என்று பூசாரி சொன்னாரே! சொல் வாயை விட்டுப் போய்விட்டது, தட்டும் கையை விட்டுப் போய்விட்டது. சும்மா சொல்லக் கூடாது, அவள் ஆயுசில் எறிந்த எறியெல்லாம் ஒரு பக்கம், இந்த எறி ஒரு பக்கம். சிவப்பு வலது பக்கம் போக்குக் காட்டிப் போனது, பொட்டலுக்கு நடுவில் நிமிர்ந்தது, அதன் நிழல் நேர் கீழே தரையோடு தரையாகக் கூடவே ஓடியது. கடைசியில் இடது சாய்ந்து இரண்டு உசிலைக்கும் நடுவில் நுழைந்தது. ஒரு இலை அசையவில்லை. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

திரும்பி நட என்று அவளே அவளுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. எறிந்தால் நின்று பார்த்தே பழகிய உடம்பு. இவ்வளவு நேரமும் காட்டுக்குள் கத்திக்கொண்டிருந்த சில்வண்டு நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"ஆச்சா தாயி?" என்றான் சோணைமுத்து கரையிலிருந்து.

பதில் சொல்ல வாயெடுத்தபோது அந்த இடைவெளியிலிருந்து தட்டு வெளியே வந்தது. சிவப்புதான் எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது என்று முதலில் நினைத்தாள். பட்டுத் திரும்புகிற தட்டு தள்ளாடும். இது தள்ளாடவில்லை. தட்டையாக, நிதானமாக, எறிந்தவனுக்கு எந்த அவசரமும் இல்லாத மாதிரி வந்தது. பொட்டலைத் தாண்டியது, குதிரைகளின் தலைக்கு மேலே வந்தது, வேகம் குறைந்து அவளுடைய இடது பக்கம் சாய்ந்தது. அதற்குக் கீழே நிழல் ஓடியதா என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை. காலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் இறங்கி, அவள் எறிகிற தட்டு சுற்றுவதற்கு எதிர்ச்சுற்றாக மூன்று நாலு சுற்றுச் சுற்றி அடங்கியது.

பச்சை.

வலது கைக்காரன் எறிந்திருந்தால் அவளுக்கு வலது பக்கமல்லவா போயிருக்கும்? எதிரும் புதிருமாக நின்று எறிந்தால் ஒரே பக்கம் சாய்கிற கை உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். குனிந்து எடுத்தாள். புளியமரத்தில் மோதி விளிம்பில் விழுந்த பழைய வெட்டு அப்படியே இருந்தது. மண் இல்லை, தூசி இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. உள்விளிம்பில் விரல் வைக்கிற இடத்தில் ஈரமாக இருந்தது. வேர்வை ஈரம்.

முதலில் அவளுக்குப் பயமே வரவில்லை, அதுதான் கூத்து. வெட்கங்கெட்ட சந்தோசம்தான் வந்தது, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. அப்புறம்தான் லுங்கியில் சுருட்டிப் பைக்குள் தான் வைத்ததும், அந்தப் பையோடு அவன் பஸ் ஏறியதும், அந்தப் பை இன்றைக்கு வரைக்கும் கிடைக்காததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதற்கு மேலே நினைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று அவள் கேட்டாள். கேட்டதற்கு இது எந்தப் பதில்?

"தாயி, வெயில் ஏறுது, வா. சாயங்காலம் அவுக வந்துருவாக." அண்ணனுக்குக் கரையிலிருந்து தட்டு தெரிந்ததோ என்னவோ, குரலில் ஒன்றும் தெரியவில்லை.

தட்டைத் தரையில் வைத்தால் போதும். வைத்துவிட்டு நடந்தால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடலாம், கண்ணுச்சாமிக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுக்கலாம், நாளைக்குக் காலையில் எல்லாரையும் போல எழுந்திருக்கலாம். அவள் குனியக்கூடச் செய்தாள். தட்டு தரையைத் தொடவிருந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"நீ போண்ணே," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "ஆட்டம் இன்னும் முடியல."

"என்னா தாயி?"

அவள் வலது தோளை மரங்களுக்குக் காட்டி ஒருக்களித்து நின்றாள். இரண்டு உசிலைக்கும் நடுவில் அந்த இருட்டு அப்படியே இருந்தது. பெருவிரலை மேலே வைத்து, நாலு விரலையும் அந்த ஈரத்தின் மேலேயே பதித்து, தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.